நூறு கோடி நிறம்

கண்டியில் மொனிட்டர் வாங்குவோரின் ஞானத்தை மெச்சத்தான் வேண்டும். மகனின் படிப்புக்கு 24 அங்குலம் போதுமென்று கடைக்குள் நுழைந்தவர், 165 ஹேர்ட்ஸ் வளைதிரைப் பெட்டியை அணைத்தபடி கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நிற்கிறார். பெட்டிக்கு இருக்கை கிடைத்துவிட்டது. செக்கனுக்கு 165 தடவை புதுப்பிக்கப்படாத எக்செல் தாளில் தேயிலைக் கணக்கு கூட்டினால் தப்பாகிவிடாதா? வீட்டுப் பழைய கணினி 60க்கு மேல் தராது. அது கணினியின் குற்றம். "நூறு கோடி நிறம், தம்பி!" என்றாராம் கடைக்காரர். தாள் வெள்ளை, எழுத்து கறுப்பு. மிச்ச நிறங்கள் பேரப்பிள்ளைகளுக்கு.

உண்மையான கறுப்பு வேண்டுமென்றால் ஓலெட்தான், விலையைக் கேட்காதீர்கள் என்பார்கள் விவரமறிந்தவர்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. நாட்டிலிருந்த மலிவுத் திரைகள் அத்தனையும் அப்பழுக்கற்ற கறுப்பைக் காட்டின. ஓலெட் வாங்கியவர்களுக்குத்தான் வயிறெரிந்தது.