போர்க் பைக்கு என்னல தொட்டுக்க?

ஏல மருமவனே, நீ நேத்து ஃபோன்ல கேட்ட கேள்வியில எனக்கு ராத்திரி உறக்கமே வரல. பாக்ஸிங் டே அன்னைக்கு உன் மேனேஜரும் அவரு வீட்டம்மாவும், கூட வேலை பாக்குத நாலஞ்சு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருதாங்க. அவங்களுக்குப் பிடிக்குமேன்னு போர்க் பை வாங்கப் போற. சரி. அத மைக்ரோவேவ்ல கொதிக்கக் கொதிக்கச் சுட வச்சு, மேல மல்லித்தழையத் தூவி, பக்கத்துல தக்காளி கெச்சப் வச்சா எடுப்பா இருக்குமா மாமான்னு கேக்க. எடுப்பாத்தான் இருக்கும். தாராளமாச் செய்யி. மேனேஜருக்கு உன்மேல கொஞ்சநஞ்சம் பிரியம் இருந்தா அது அன்னையோட தீந்துபோவும். பெறகு பதவி உயர்வுத் தொந்தரவு ஒண்ணும் உனக்குக் கிடையாது, நிம்மதியா இருக்கலாம்.

இல்ல, மானத்தோட சோறு போடணும்னா நான் சொல்லுதக் கேளு.

மொதல்ல அது என்ன பண்டம்னு தெரிஞ்சுக்க. வெந்நியில பன்னிக் கொழுப்ப உருக்கி, மைதாவுல ஊத்தி, உப்புப் போட்டுப் பெசையுதாங்க. அந்த மாவ ஒரு மரக்கட்டையச் சுத்தி மேல மேல ஏத்திக் கிண்ணமாக்கி, கட்டைய உருவிட்டு உள்ள பன்னிக்கறி. மசாலான்னு பாத்தா உப்பு, வெள்ளை மொளகு, அவ்வளவுதான். மூடி போட்டு ஓரத்தச் சுத்திக் கிள்ளி அடுப்புல வைக்காங்க. வேகும்போது கறி சுருங்கும். சுருங்கினா ஓட்டுக்கும் கறிக்கும் நடுவுல சந்து விழும்லா? அந்தச் சந்துல காத்து நின்னா கறி கெட்டுப்போவும். அதனால மூடியில ஒரு ஓட்டை போட்டு, பன்னிக்காலும் எலும்பும் மணிக்கணக்கா வேவ வச்ச சாறை ஊத்துதாங்க. ஆறினதும் அது நேத்து வச்ச ஆட்டுக்கால் சூப்பாட்டம் இறுகிப்போவும். இந்த ஊர்ல ஃபிரிட்ஜ் வாரதுக்கு முந்தியே கறிய நாலு நாள் வச்சுத் திங்க வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச வழி இது. நீ மைக்ரோவேவ்ல வச்சியோ, அந்தச் சாறு உருகி ஓட்டுக்குள்ள இறங்கி, அடிப்பக்கம் சொதசொதன்னு ஆயிரும். தட்டுல குளம் கட்டும். மல்லித்தழை அதுல நீச்சலடிக்கும்.

எங்க வாங்கணும்னு கேக்கியா? நான் இருக்குத லெஸ்டர்ல இருந்து ரயில் ஏறினா கால் மணி நேரத்துல மெல்டன் மோப்ரே. போர்க் பைக்குத் தாய் வீடு அது. ஏன் அங்கன்னா, அந்தச் சுத்துப்பட்டுல ஸ்டில்டன் சீஸ் செய்வாங்க. பால் திரிஞ்சு வடியுத தண்ணிய என்ன செய்யன்னு தெரியாமப் பன்னிக்கு ஊத்தினாங்க. பன்னி கொழுத்துது. பன்னி கொழுத்தா அடுத்து என்ன நடக்கும்னு பன்னிக்கும் தெரியும். அதே ஊர்ல குளிர்காலம் ஆச்சுன்னா நரி வேட்டைக்குப் பெரிய பிரபுமார் குதிரையோட வந்து இறங்குவாங்க. அவங்க குதிரைக்காரப் பையன் சட்டைப் பையில ஒரு பைய வச்சுக்கிட்டு, பனியில நின்னு தின்னுக்கிட்டிருந்தானாம். எசமானுக்கு நாக்கு ஊறிட்டு. வேலைக்காரன் சாப்பாட்டப் பிடுங்கித் தின்னுட்டு, அதுக்குப் பெரிய மனுசன் பலகாரம்னு பேரு வச்சது அப்படித்தான்னு அந்த ஊர்க்காரங்களே சொல்லுதாங்க. 1831-ல எட்வர்ட் அட்காக்னு ஒரு ரொட்டிக்கடைக்காரரு, லீட்ஸ்ல இருந்து மெல்டன் வழியா லண்டன் போன குதிரைக் கோச்சுல பைய ஏத்தி அனுப்பி யாவாரத்த ஆரம்பிச்சாரு. பெறகு என்ன, ஊர் பேரச் சொல்லி ஊருக்குச் சம்பந்தமில்லாதவனெல்லாம் விக்க ஆரம்பிச்சான். கோர்ட்டு வரைக்கும் போய் மல்லுக்கட்டி, 2008-ல ஐரோப்பிய யூனியன்ல புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. இப்ப அந்த எல்லைக்குள்ள, அந்த முறைப்படி செஞ்சாத்தான் மெல்டன் மோப்ரே பைன்னு பேரு போடலாம்.

அடையாளம் சொல்லுதேன். நல்ல மெல்டன் பை தகரத்துக்குள்ள வேகாது, தன் கால்லயே நின்னு வேகும். அதனால பக்கமெல்லாம் தொந்தி விட்டிருக்கும். வெட்டினா உள்ள கறி சாம்பல் நிறமா இருக்கும். பாத்ததும் ‘கெட்டுப்போச்சு மாமா’ன்னு எனக்கு ஃபோன் பண்ணிராத. பச்சைக் கறி வெந்தா அந்த நிறந்தான். உள்ள ரோஸ் நிறத்துல மினுக்கினா, அது உப்புக்கண்டம் போட்ட கறியில செஞ்ச வேற ஊரு சரக்கு. அரைச்ச கறியும் கிடையாது, நறுக்கின கறி. பல்லுல தட்டுப்படணும்.

நம்ம ஆளுக யாரையாவது கூப்பிட்டிருந்தா ஒரு எச்சரிக்கை. நம்மூர்ல பன்னிக்கறி தின்னவன் ஒருத்தனாவது ருசிக்குத் தின்னேன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? எல்லாம் மூலத்துக்கு மருந்து. எங்க காலத்துல ஊர்ல பாதிப் பேருக்கு மூலம் இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை மட்டும். அந்தக் கூட்டம் உன் வீட்டுக்கு வந்தா, சும்மா ருசி பாக்கேன்னு சொல்லிக் கால் கிலோவ முடிச்சிருவான். கூட ஒரு பை வாங்கி உள்ள ஒளிச்சு வையி. மரக்கறி திங்கவங்க வந்தா, ‘மேல் ஓட்ட மட்டும் தின்னுங்க’ன்னு பெரிய மனசு பண்ணி உபசரிச்சிராத. ஓட்டுலதான் கொழுப்பே இருக்கு. அவங்களுக்குச் சீஸும் ஊறுகாயும் வேற தட்டுல, வேற கத்தியோட வையி.

இனி பரிமாறுத விசயம். விருந்தாளி வாரதுக்கு ஒரு அரைமணி முக்கால் மணிக்கு முந்தி ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து வெளிய வையி. ரொம்பக் குளிந்திருந்தா கொழுப்பு மேலண்ணத்துல ஒட்டும், மொளகு வாசனையும் வெளிய வராது. பல்லு வச்ச கத்தியா எடு, மழுங்கினத எடுத்து அமுக்கினா ஓடு நொறுங்கி மேனேஜர் மடியில விழும். ஒரு பவுண்டு பைன்னா, நம்ம கணக்குக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய, அத நாலா வெட்டு. வெட்டின முகத்தப் பாரு: வெளிய பொன் நிறத்துல மொறுமொறு ஓடு, அதுக்கு உள்வரி கறிச்சாறு ஊறி மெத்துன்னு, அடுத்தாப்ல கண்ணாடிக் கோடா இறுகின சாறு, நடுவுல கறி. இந்த நாலும் ஒரே கடியில வாயில விழணும். கரண்டி முள்ளுக்கரண்டியெல்லாம் அடுக்கி வச்சு மெரட்டாத, கையால எடுத்துத் திங்குத பண்டம். கையால திங்கதுல உன்ன விடத் தேர்ந்தவன் அந்த மேசையில எவன் இருக்கப் போறான்?

சுட வச்சே தீருவேன்னு நின்னா, யார்க்‌ஷயர் பக்கம் போயிரு. அங்க அடுப்புல இருந்து எறங்கின சூட்டோட பைய வச்சு, மேல கொழகொழன்னு வேவ வச்ச பச்சைப் பட்டாணி, புதினா சாஸ் ஊத்தித் திங்காங்க. நானும் தின்னு பாத்தேன், குளிருக்கு நல்லாத்தான் இருக்கு. அத மெல்டன்காரன் காதுல விழச் சொல்லிராத. உன் மேனேஜர் எந்த ஊர்க்காரர்னு முதல்லயே நைசா விசாரிச்சு வையி. இந்த நாட்டுல சாதி கேக்க மாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்க, பைய எப்படித் திம்பேன்னு கேட்டுக் கண்டுபிடிச்சிருவாங்க.

தொட்டுக்கதுக்கு வருவோம். கொழுப்பும் உப்புமா, குளுந்து கெடக்குத பண்டம் இது. அதுக்கு வேண்டியது புளிப்பும் காரமும், வேற ஒண்ணும் வேண்டாம். கெச்சப் இனிப்பு. இனிப்பும் கொழுப்பும் சேந்தா ரெண்டாவது துண்டுலயே திகட்டிரும். கிரேவி ஊத்தலாமான்னு உன் வீட்டுக்காரி பின்னால இருந்து கேட்டது எனக்கும் கேட்டுது. வேண்டாம்மான்னு சொல்லு. ஊத்துத குழம்ப உள்ளயே ஊத்தி இறுக வச்சுத்தான் தந்திருக்கான்.

முதல்ல கடுகு. இங்கத்த மஞ்சக் கடுகுப் பொடிய வாங்கி, பச்சத் தண்ணியில கொழச்சுப் பத்து நிமிசம் வச்சிரு. அப்பத்தான் காரம் ஏறி மூக்கப் பிடிச்சு ஆட்டும். வெந்நி ஊத்தினியோ, காரம் செத்துப்போவும். ஜெரமியா கோல்மன்னு ஒருத்தர் 1814-ல நாரிச் பக்கத்துல கடுகு அரைக்க ஆரம்பிச்சாரு. அவரு வம்சம் சொத்துச் சேத்தது தின்ன கடுகுல இல்ல, தட்டு ஓரத்துல மிச்சம் வச்ச கடுகுலன்னு இங்க ஒரு பேச்சு உண்டு. அதனால கொஞ்சமாக் கொழ. அவங்கதான் ஏற்கனவே பணக்காரங்க ஆயிட்டாங்கல்லா.

அடுத்து பிக்கலிலி. காலிஃபிளவர், உள்ளி, சின்ன வெள்ளரி, எல்லாத்தையும் வினிகர்ல போட்டு, கடுகும் மஞ்சப்பொடியும் சேத்த ஊறுகா. நிறத்தப் பாத்தாலே இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சிரும். ஹன்னா கிளாஸ்னு ஒரு அம்மா எழுதின சமையல் புஸ்தகத்துல, 1758 பதிப்புலயே இத இந்திய ஊறுகான்னுதான் போட்டிருக்காங்க. நம்ம வீட்டுல இருந்து தூக்கிட்டுப் போய், எண்ணெய எடுத்துட்டு வினிகர ஊத்தி, நமக்கே ரெண்டு பவுனுக்கு விக்கான். ஆனா ஒண்ணு சொல்லணும்ல, இந்தப் பைக்கு அதுதான் பொருத்தம். நம்ம ஆவக்காய வச்சா நல்லெண்ணெய் மிதக்கும். கொழுப்பு மேல எண்ணெய் எதுக்கு? நம்ம பங்குக்கு ஏதாவது வைக்கணும்னு உனக்கு ஆசை இருந்தா, அத்தை அனுப்பின உப்பு நாரத்தங்காய மெல்லிசாக் கீறி ஒரு கிண்ணத்துல வையி. எண்ணெய் கிடையாது, புளிப்பு இருக்கு, லேசாக் கசப்பும் இருக்கு. நான் தின்னு பாத்துட்டுத்தான் சொல்லுதேன். உள்ளிய வினிகர்ல ஊறப்போட்ட பாட்டிலும் ஒண்ணு இருக்கட்டும், கடிச்சா நறுக்குன்னு சத்தம் வரணும். செலரித் தண்டு, புளிப்பு ஆப்பிள் ரெண்டும் கீறி வச்சிரு.

பழுப்பு நிற சாஸ் பாட்டில், ஹெச்.பி.ன்னு போட்டிருக்குமே, அதையும் கேப்பாங்க. உன் மேனேஜர் ஊத்தும்போது, ‘இதுக்குள்ள புளி இருக்கு சார்’னு போற போக்குல சொல்லிப்போடு. நிசமாவே பேரீச்சம்பழமும் புளியும் உண்டு. நாட்டிங்காம்ல பலசரக்குக்கடை வச்சிருந்த கார்ட்டன்னு ஒரு மனுசன் 1895-ல அந்தப் பேரப் பதிஞ்சாரு. கடைசியில 150 பவுனுக்கும் தீராத பில்லு பாக்கிக்கும் ஈடா வினிகர் முதலாளி ஒருத்தருக்கு அதக் குடுத்துட்டாரு. கோடிக்கணக்கான பாட்டில் வித்த சாஸ், போன வெல இது. உனக்கு ஸ்டார்ட்-அப் ஆசை இருக்குன்னு உங்கம்மா சொன்னா, அதுக்குத்தான் சொன்னேன்.

சீஸ்னா ஸ்டில்டன். பன்னிக்குத் தண்ணி குடுத்த சீஸ், அதே தட்டுல வந்து ஒக்காந்தா முறைதானே. நீலம் ஓடிக்கெடக்குதேன்னு ஓரத்த வெட்டி எறிஞ்சிராத, அந்த நீலத்துக்குத்தான் காசு. ஒரு கூத்து கேளு: ஸ்டில்டன் சீஸ சட்டப்படி டார்பிஷயர், லெஸ்டர்‌ஷயர், நாட்டிங்காம்‌ஷயர் மூணுலதான் செய்யலாம். ஸ்டில்டன்கிற கிராமம் கேம்பிரிட்ஜ்‌ஷயர்ல கெடக்கு. அந்த ஊர்ல செஞ்சா அந்த ஊர் பேரப் போட முடியாது. இதையும் மேனேஜர் கிட்டச் சொல்லு, பேச்சு ஒரு அரைமணி ஓடும். வானிலையப் பத்தி எவ்வளவு நேரந்தான் பேசுவ?

குடிக்க? பிட்டர் பியர். ஐஸ்ல புதைக்காத, ஒரு பத்துப் பன்னெண்டு டிகிரியில இருந்தாத்தான் அதுக்கு வாசனையே. சைடர் பரவாயில்ல. காரு ஓட்டுதவனுக்குக் கடுந்தேத்தண்ணி. லெஸ்டர்‌ஷயர் பக்கம் கிறிஸ்துமஸ் காலையில பையும் டீயும்தான் பலகாரமே. அதுக்காக மெல்டன்ல 1851-ல ஆரம்பிச்ச பழைய கடை வாசல்ல கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடியுமுன்னயே சனம் வரிசையில நிக்கும். நீ எட்டு மணிக்கு எந்திச்சுப் போயி மிச்சம் இருக்கான்னு கேட்டா, பக்கத்துல சூப்பர்மார்க்கெட் இருக்குன்னு மரியாதையா வழி காட்டுவாங்க.

ஷோ காட்டணும்னு அந்த நீளப் பை, காலா பைன்னு விக்கான்ல, அத வாங்கிராத. எந்தத் துண்ட வெட்டினாலும் நட்ட நடுவுல வட்ட முட்டை இருக்கும். எந்தக் கோழி விட்ட முட்டைன்னு யோசிக்காத. வெள்ளையவும் மஞ்சளயும் குழாய்ல ஊத்தி ஆலையில முழ நீளத்துக்கு வேவ வச்ச முட்டை அது. பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டலாம், மேனேஜருக்கு வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. எல்லாரும் தின்னு முடிச்சதும் தட்டுல ஒரு துண்டு மிஞ்சும். எல்லாவனுக்கும் அது மேலதான் கண்ணு, ஒருத்தனும் எடுக்க மாட்டான். ‘நீங்க எடுங்க’, ‘இல்ல இல்ல நீங்க எடுங்க’ன்னு கால் மணி நேரம் நடக்கும். நீ அதுக்குள்ள பூராதே. பேசாம எந்திச்சு, அந்தத் துண்ட மேனேஜரம்மா தட்டுல வச்சிரு. மேனேஜர் தட்டுல இல்ல. ஏன்னு என்கிட்ட கேக்காத, உனக்கும்தான் கல்யாணம் ஆயிட்டுல்லா.