ஏரி வாரியப் பெருமக்கள்

வடதேசத்து மகாகவிகள் சரத் ருதுவை வர்ணிக்கும்போது, மேகங்கள் விலகி ஆகாயம் நிர்மலமாவதையும், தடாகங்கள் தெளிந்து அன்னங்கள் நீந்துவதையும் சொல்லிப் பரவசப்படுவார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் சரத் ருதுதான் என்று நம் பஞ்சாங்கமும் சாதிக்கிறது. நாமும் அப்படியே சங்கல்பம் செய்துகொள்கிறோம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் அந்த நிர்மலமான ஆகாயத்தைத் தரிசிக்க விரும்புகிறவன், வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் விடைபெற்று அடுத்தது வந்து சேர்வதற்குள், குடையை மடக்கிவிட்டு அவசரமாக அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கிருந்து ஒரகடம் வரையில் கண்ணில் படுகிறவை இரண்டே: ஏரிகள், தொழிற்சாலைகள். தொண்டை மண்டலத்தில் ஏரி வெட்டுவது பல்லவர் காலத்துப் பழக்கம். தொழிற்சாலை வைப்பதோ, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கியதிலிருந்து வேகம் பிடித்து, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் வந்தபின், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று கிளைத்துப் பெருகிவிட்ட நவீனப் பழக்கம். அங்கே வேலை பார்க்கும் என் மகன் வாரத்துக்கு ஒரு ஷிப்டாக மாறி மாறி உழைக்கிறான். உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவனோடு வந்து தங்கியிருக்கிற எனக்கு ஒரே ஷிப்டு. அது முடிவதுமில்லை, அதற்கு ஓவர்டைமும் கிடையாது.

இந்த நித்திய ஷிப்டில் இருப்பவர்கள் நாலு பேர், மதகை ஒட்டிய கரைமேட்டில் காலையிலும் மாலையிலும் கூடுகிறோம்: ஒரு தாசில்தார், ஒரு ரயில்வே கார்டு, ஒரு தமிழாசிரியர், கணக்குப் பிரிவில் காலம் தள்ளிய அடியேன். எல்லாருக்கும் முன்னால் ‘மாஜி’ சேர்த்துக்கொள்க. கோடையில் எங்கள் சம்பாஷணை சர்க்கரை வியாதியைச் சுற்றியே நிகழும். ஐப்பசி பிறந்து ஏரிக்குள் தண்ணீர் வரத்து ஆரம்பித்ததும், சர்க்கரை கீழே இறங்கிவிடும், நீர்மட்டம் மேலே ஏறிவிடும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் நிரம்பினால் அடையாறு. அடையாற்றின் கரையில் சென்னை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதை அங்கிருந்த எந்த இன்ஜினியரைக் காட்டிலும் துல்லியமாக விவரிக்க வல்லவர் எங்கள் கார்டு. அன்றைய தினம் அவர் அரக்கோணத்தில் மகள் வீட்டில் இருந்தார் என்பது விவரணைக்கு எவ்வித இடையூறும் செய்வதில்லை.

எங்களுக்கு ஒரு சாஸ்திரப் பிரமாணத்தைத் தேடித் தந்தவர் தமிழாசிரியர். இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ஐயும் 921-ஐயும் ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் ஊர்ச்சபையார் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதி முழுவதும் இருக்கிறது. தோட்டத்துக்கு ஒரு வாரியம். ஏரிக்கு ஆறு பேர் கொண்ட ஒரு வாரியம். “நாம நாலு பேர் இருக்கோம். இன்னும் ரெண்டு பேரைச் சேத்துட்டா வாரியம் பூர்த்தி” என்றார் ஆசிரியர்.

தகுதிகளைப் பரிசீலித்தபோதுதான் சிக்கல் விளைந்தது. வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குள்ளும் இருக்க வேண்டுமாம். தாசில்தாரை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். “சர்டிபிகேட்படி எனக்கு அறுபத்தொன்பதுதான்” என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் தம் விரல்களை மடக்கிப் போட்ட தேதி அது என்பதை அவரே பலமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஆயுள் முழுவதும் பிறருக்குச் சான்றிதழ் வழங்கியவரிடம் சான்றிதழின் மகிமையைப் பற்றி யார் வாதாடுவது? அடுத்து, இறை செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். கார்டு வசிப்பது நான்காவது மாடியில். பத்திரப்படி அவருடைய நிலம், பிரிக்கப்படாத பங்காக, லிப்டுக்கும் செப்டிக் டாங்குக்கும் அடியில் எங்கேயோ கிடக்கிறது. அதுவும் மருமகள் பேரில். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் அறிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை உண்டு. பழைய ரயில்வே கால அட்டவணையைச் சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை வரையிலும், அங்கிருந்து திரும்பியும் ஒப்பிக்க வல்லவரான கார்டு, அதை ஒரு வேதமாக அங்கீகரிக்க வேண்டுமென்று மனுச் செய்தார். மனு இன்னும் பைசலாகவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால், ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது! கலங்கலின் மேல் தண்ணீர் வழிந்து விழும் இடத்தில் இரவு ஷிப்டு முடிந்த பையன்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கி, கையில் அகப்பட்டதைக் கொண்டு மீன் பிடித்தார்கள். லுங்கியில் கெண்டை, கொசுவலையில் கெளுத்தி. ஒரிஸாவிலிருந்து வந்த ஒரு பையன், கழுத்து அடையாள அட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை அருவியடியில் ஏந்தி நின்றான். கைம்முழம் நீளத்தில் ஒரு விரால் அதற்குள் வந்து விழுந்தது. அவன் ஆனந்தித்து நிமிர்வதற்குள், அது முகக் கண்ணாடியைத் தள்ளித் திறந்துகொண்டு, நேர்வழியில் வெளியேறிவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மதுராந்தகம் ஏரி உடையும் தறுவாயில் இருந்தபோது, ராமலக்ஷ்மணர் வில்லேந்திக் கரையில் நின்று காத்ததைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்ணால் கண்டதாகக் கர்ணபரம்பரை. ‘ஏரி காத்த ராமர்’ என்று பெருமாள் அங்கே எழுந்தருளியிருக்கிறார். எங்களிடம் வில் இல்லாவிட்டாலும் குடை இருந்தது. நால்வரும் கரைமேல் வரிசையாக நின்றோம். ஜீப் ஒன்று வந்து நின்றது. மழைக்கோட்டணிந்த பெண் இன்ஜினியர் ஒருவர் இறங்கி, அளவுகோலைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு ஒரு விரற்கடை குறைச்சல் என்று தாசில்தாரும், அதிகம் என்று கார்டும், ஏககாலத்தில் ஆட்சேபித்தார்கள். “நீங்கள்லாம் யாரு?” என்று கேட்டார் அந்தப் பெண். “ஏரி வாரியம்” என்றார் ஆசிரியர் கம்பீரமாக.

“தாத்தா, மண்ணு நல்லா ஊறியிருக்கு. இந்தக் கரையிலேயே வீக்கான எடம் நீங்க நாலு பேரும் நிக்கிற எடம்தான். மொதல்ல எறங்குங்க.”

வாரியம் இறங்கிற்று, நேரே டீக்கடையில் போய்ப் பிரவேசித்தது.

வீட்டில் இந்த விருத்தாந்தத்தைச் சொன்னபோது என் தர்மபத்தினி சிரிக்கவில்லை. “ஏரியில எத்தனை அடி தண்ணின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்றீங்க. இந்த மாசம் பால்காரர் எத்தனை நாள் வரலைன்னு சொல்லுங்க பாப்போம்” என்றாள். முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவனைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று சாயங்காலம் ஆசிரியரிடம் முறையிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவனுக்குக் குடவோலையில் இடமில்லை என்பது கல்வெட்டின் கண்டிப்பான விதியாம். தோஷம் அவனோடு நிற்காமல், நெருங்கிய உறவினர், மைத்துனன் வரையில் தொடருமாம்.

வீடு திரும்பி அவளிடம் இதைச் சொன்னேன். “என் தம்பி இந்த ஊர்ப் பக்கமே எட்டிப் பாத்ததில்லை, அவனை எதுக்கு நீக்கறீங்க?” என்று அவள் உள்ளே எழுந்து போய்விட்டாள். பால் கணக்குச் சமர்ப்பிக்கப்படும் வரையில் இரண்டாவது காபி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.