இரண்டாவது டிரைவ் எதற்கு?

கேள்வி: கேம் ஆடும் லேப்டாப்பில் இரண்டாவது டிரைவ் போட வேண்டும். விலை குறைந்த ஹார்ட் டிஸ்க் போதாதா?
(டெக்னோபார்க் ஊழியர், கழக்கூட்டம், திருவனந்தபுரம்)

பதில்: படம் சேர்த்து வைக்கப் போதும், ஆடப் போதாது. சுழலும் தட்டு நொடிக்கு நூறு எம்பி சொச்சம்தான் தரும். சாட்டா எஸ்எஸ்டி 550 வரை தரும். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டியும் 125 ஜிபி இடமும் கேட்கிறது. அப்படியானால் 7000 எம்பி வேகமுள்ள ஜென் 4 என்விஎம்இ வாங்கலாமே என்பீர்கள். அவசியமில்லை. பெரும்பாலான கேம்கள் சில நொடி முன்னதாகத் திறக்கும், அவ்வளவுதான். பிரேம் ரேட் ஏறாது, அது கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு. வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை இடத்துக்குக் கொடுங்கள். ஒரு டிபியாவது வாங்குங்கள். அதற்கு முன் உள்ளே காலி எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, அது சாட்டாவை ஏற்குமா, என்விஎம்இயை ஏற்குமா என்று பாருங்கள். இரண்டரை அங்குல டிரைவுக்கான இடம் புதிய லேப்டாப்புகள் பலவற்றில் கிடையாது.