பென்ஸ் சார் டயர் வாங்குகிறார்

புது ஸ்விஃப்ட் வாங்குகிற காசுக்குள் ஒரு பழைய மெர்சிடிஸ் இ-கிளாஸை வாங்கி, மிச்சமும் பிடிக்கலாம் என்று ஒருவருக்குத் தெரியவந்த நாளோடு அந்த வீட்டின் நிம்மதி போய்விடுகிறது. சென்னையில் இப்படித் தெரிந்துகொண்டவர்கள் பேட்டைக்கு ஒருவராவது தேறுவார்கள். வண்டி வந்த சில மாதங்களிலேயே அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்திலிருந்து விலகிவிடும். வாட்ச்மேனுக்கும் இஸ்திரிக்காரருக்கும் சிலிண்டர் போடுகிறவருக்கும் அவர் ‘பென்ஸ் சார்’.

பென்ஸ் சார் பணக்காரர் அல்ல. இந்த ரகசியம் வீட்டுக்காரம்மாவுக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும்தான் தெரியும். நிஜப் பணக்காரர் இந்த வண்டியைப் புதிதாக வாங்கி, வாரண்டி தீர்ந்த கையோடு தள்ளிவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு டாக்டரிடமும் ஒரு ரியல் எஸ்டேட் புள்ளியிடமும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஆர்.சி.யில் நாலாவது பெயராக நம்மவரிடம் வந்து சேர்ந்தது. வங்கியிலோ மின்வாரியத்திலோ மரியாதையான வேலை பார்த்து, காசை எண்ணிச் செலவழித்தே பழகியவர். மெர்சிடிஸ் கம்பெனி 1994இல் டெல்கோவோடு கூட்டுச் சேர்ந்து இங்கே கால் வைத்து, அடுத்த வருஷம் புனேயில் இ-கிளாஸ் தயாரிக்க ஆரம்பித்தபோது அவர் டிவிஎஸ் 50இல் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தார். ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் ஒரு இ 220 பக்கத்தில் வந்து நின்றதாம். அதன் கதவு மூடிய சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்பார். சிக்னலில் நின்ற வண்டியின் கதவை யார் திறந்து மூடினார்கள் என்று இதுவரை எவரும் அவரைக் கேட்டதில்லை.

அவர் வாங்கியிருப்பது அதற்கு இரண்டு தலைமுறை தள்ளி வந்த டபிள்யூ 211. 2002இல் உலகச் சந்தைக்கு வந்து 2009 வரை ஓடிய மாடல். வாங்கும்போது ஏமாறவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்த கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டெப்னி குழிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். விற்றவர் பொறுமைசாலி.

வெள்ள பயம் அதோடு தீரவில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்திய படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அந்த வரிசையில் முதல் ஆளாக இடம் பிடித்திருக்கக்கூடியவர் நம்மவர்தான். வானிலை மையம் வாயைத் திறக்கும் முன்னாலேயே வண்டி மேலே போயிருக்கும்.

பழைய சொகுசுக் காரின் சூட்சுமம் ஒன்று உண்டு. வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கும். உதிரிபாகத்தின் விலைக்கு அந்தச் சேதி போய்ச் சேருவதே இல்லை. ஹெட்லைட்டுக்கும் பம்புக்கும் தாங்கள் ஸ்விஃப்ட் விலைக்காரரிடம் இருக்கிறோம் என்பது தெரியாது. அவை பழைய முதலாளியின் நினைப்பிலேயே இருக்கின்றன.

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் முகம் மாற்றப்படுவதற்கு முன் வந்த டபிள்யூ 211களில் எஸ்.பி.சி. என்றொரு ஏற்பாடு. நாம் பெடலை மிதித்தால் அந்தச் செய்தி மின்கம்பி வழியாக ஒரு பம்புக்குப் போகும், பம்புதான் சக்கரத்தைப் பிடிக்கும். இதில் கோளாறு வந்து, 2004இலும் 2005இலும் லட்சக்கணக்கான வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. ஆனால் நம்மவரின் தூக்கத்தைக் கெடுப்பது அதுவல்ல. எத்தனை தடவை பிரேக் பிடிக்கப்பட்டது என்று அந்தப் பெட்டி உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே வருகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை எரியும், பெட்டியை மாற்று என்று. இதைப் படித்த நாளிலிருந்து அவர் தி.நகரில் பிரேக்கைச் சிக்கனம் பிடித்து ஓட்டுகிறார். உஸ்மான் ரோட்டில் பிரேக்கை மிச்சம் பிடிக்க ஒரே வழி, அங்கே போகாமல் இருப்பது. தீபாவளித் துணி எடுக்க வீட்டார் ஆட்டோவில் போவது இதனால்தான். நிற்கும் வண்டியின் கதவைத் திறந்தாலே பம்ப் ‘ங்ஙீ’ என்று விழித்துக்கொள்ளும். அதனால் பேரன் பக்கத்தில் வந்தாலே, “டேய், கதவைச் சும்மா சும்மா தொறக்காதே, எண்ணிட்டிருக்கு!” என்று ஒரு குரல். குழந்தைக்கு என்ன எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது புரியாமல் மிரண்டு போகும்.

பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி. மற்றவர்கள் முனகிக்கொண்டே கட்டுவார்கள். பென்ஸ் சாருக்கு அது திருவிழா. முதல் நாளே வண்டிக்கு பாலிஷ் போட்டுவிடுவார்.

இவ்வளவு அக்கறைக்காரரின் வண்டியில் டயர் மட்டும் கிழடாகிக் கிடந்தது. காரணம் எளிது. வண்டி வருஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம், மீதி நாளெல்லாம் உறைக்குள்தான். டயர் தேயவே இல்லை. யார் கேட்டாலும் குனிந்து விரலை விட்டுக் காட்டுவார்: “பட்டன் பாருங்க, அப்படியே இருக்கு.” பட்டன் இருந்தது உண்மைதான். 1.6 மில்லிமீட்டர் ஆழத்தில் குறுக்கே இருக்கும் தேய்மான வரம்பைத் தொட இன்னும் ரொம்ப தூரம். ஆனால் ரப்பர் ஓடாமலேயே கிழடு தட்டும். வெயிலிலும் காற்றிலும் இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு விட்டு, நனைந்த தார் ரோட்டைப் பிடிக்கிற பதம் போய்விடும். பட்டனைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. வண்டியோடு வந்த கையேட்டை அவர் பாராயணம் செய்தவர். எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் பக்க எண்ணோடு சொல்வார். தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் ஆறு வருஷத்தில் டயரை மாற்று, ஸ்டெப்னிக்கும் இதே விதிதான் என்கிற வரி மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

ஒரு மழை நாளில் கத்திப்பாரா மேம்பாலத்து வளைவில் இறங்கும்போது வண்டி லேசாக வாலாட்டியது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, வாலாட்டத்தான் செய்யும் என்று வீட்டில் விளக்கம் சொன்னார். மகன் ஒன்றும் பேசவில்லை. செல்போன் விளக்கோடு கீழே படுத்து, டயரின் உள்பக்கத்தில் சின்னக் குளிகை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைப் படித்தான். “1412. பதினாலாவது வாரம், 2012. அப்பா, நான் அப்ப ஆறாங்கிளாஸ்.”

அன்றைக்குத் தொடங்கியது ஆராய்ச்சி.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வீட்டில்கூட இத்தனை விசாரிப்பு நடந்திருக்காது. முதல் வாரம் வெளிநாட்டு டயரா, உள்ளூர் டயரா என்பதிலேயே போனது. எம்.ஆர்.எஃப். பிறந்தது திருவொற்றியூரில், 1946இல், பொம்மை பலூன் செய்கிற கொட்டகையில். அப்போலோவுக்கு ஒரகடத்தில் ஆலை, ஜே.கே.வுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை. அவர் வீட்டைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் நாடே ஓடுகிற அளவுக்கு டயர் வெந்துகொண்டிருக்கிறது. அவருக்கு மிஷலின்தான் வேண்டும். அந்தக் கம்பெனியும் திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் ஆலை போட்டது, ஆனால் லாரி, பஸ் டயருக்காக. லாரிக்காரருக்குப் பக்கத்திலேயே கிடைப்பது நமக்கு எங்கிருந்தோ வர வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஆற்றாமை. போதாததற்கு 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டுவிட்டது. கேட்ட டயர் கேட்ட அளவில் கிடைப்பது குதிரைக்கொம்பானது.

இரண்டாவது வாரம் எழுத்து ஆராய்ச்சி. மெர்சிடிஸ் சோதித்து ஏற்றுக்கொண்ட டயரின் பக்கச் சுவரில் ‘எம்.ஓ.’ என்று பொறித்திருக்கும். பி.எம்.டபிள்யூ.வுக்கு அதே இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தைச் சின்னமாக வைத்திருப்பது நம் கம்பெனி, டயரில் அது ஏன் அடுத்தவனுக்குப் போனது என்று இதிலும் ஒரு வருத்தம். அப்புறம் வேகக் குறி. அவர் கேட்பது ‘டபிள்யூ’, அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும் டயர். ‘எச்’ என்றால் 210தான், கௌரவக் குறைச்சல். 2023 நவம்பரிலிருந்து சென்னைக்குள் காருக்கு வேக வரம்பு 60. அந்த 60ஐயும் அவர் தொடுவதில்லை, பிரேக் பிடிக்க நேருமே! இருந்தாலும் இந்தப் பிடிவாதத்தை ஒரேயடியாகக் கேலி செய்துவிட முடியாது. வேகக் குறி உயர உயர டயர் சூட்டையும் தாங்கும். சித்திரை வெயிலில் திண்டிவனம் ரோட்டில் ஓடுகிற கனமான வண்டிக்கு அது வீண் செலவு இல்லை.

“ரெண்டு மட்டும் மாத்தினாப் போதாதா?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நாலு டயரின் விலை, அந்த வண்டியை இன்றைக்கு விற்றால் வருகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டிவிடும். அவர் நாலாகவே வாங்கப் போகிறார் என்பது முடிவான விஷயம் என்றாலும், இரண்டு மாற்றினால் புதியதைப் பின்னால்தான் போட வேண்டும், முன்னால் அல்ல, பின்பக்கம் வழுக்கினால் சாதாரணமாக ஓட்டுகிறவரால் மீட்க முடியாது என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தார். அத்தனையும் சரியான தகவல். கேட்டவர் பாதியிலேயே குக்கரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில் உரையாடல் இப்படி நடந்தது.

“என்ன சைஸ் சார்?”

“225, 55, ஆர் 16. லோடு 95.”

“அது ஆர்டர் போட்டு வரவழைக்கணும் சார். 205, 55 இருக்கு. அதே பதினாறு இஞ்ச்தான், ஜம்முனு உக்காரும்.”

இந்த இடத்தில் கடைக்காரர் மேல் நமக்குப் பரிதாபம் வர வேண்டும். பென்ஸ் சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கடையின் பில் புத்தகத்து முதுகிலேயே கணக்குப் போட்டார். 225இல் 55 சதவீதம் 123.75. அது மேலும் கீழும், கூட ரிம். சக்கரத்தின் குறுக்களவு 654 மில்லிமீட்டர். 205 போட்டால் 632. இருபத்திரண்டு மில்லிமீட்டர் குறைகிறது. ஸ்பீடாமீட்டர் மூன்று சதவீதம் கூட்டிக் காட்டும். வண்டியின் வயிறு பதினோரு மில்லிமீட்டர் தரையை நோக்கி இறங்கும். “ஏற்கெனவே எங்க தெரு ஸ்பீட் பிரேக்கர்ல குறுக்கால ஏத்தித்தான் எறக்கறேன். இதுல பதினோரு மில்லிமீட்டர் நீங்க வேற எறக்குறீங்களா?” லோடு குறி 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 205இல் வழக்கமாக வரும் 91 என்றால் 615தான் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் பேனாவை மூடினார். கடைக்காரர் டீ சொல்லிவிட்டார். வேறென்ன செய்வார்?

ஆர்டர் போட்ட டயர் வந்தது. வந்ததும் முதல் காரியமாக நாலிலும் தேதி பார்க்கப்பட்டது. மூன்று டயரில் ஒரே வாரம், நாலாவது ஆறு வாரம் மூத்தது. “ஆறு வாரம்தானே சார்!” “இருக்கட்டும். அதை பின்னாடி இடது பக்கம் போடுங்க.” ஏன் அந்தச் சக்கரம் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

சக்கரம் மாட்டும்போது இன்னொரு ரகளை. இந்த வண்டிக்கு நட்டு கிடையாது, போல்ட்டுதான். பட்டறைப் பையன் காற்று கன்னை எடுத்து ஒரு ‘டர்ர்’ விடுவதற்குள் நடுவில் பாய்ந்து தடுத்து, டிக்கியிலிருந்து தன் சொந்த டார்க் ரென்ச்சைக் கொண்டுவந்து நீட்டினார். 130 நியூட்டன் மீட்டர். டிக் என்று சத்தம் வந்ததும் நிறுத்து, அதற்குமேல் ஒரு பிடி கூடாது. இருபது போல்ட்டுக்கும் இருபது டிக் கேட்ட பிறகே நகர்ந்தார். காற்றடிக்கும்போது பையன் வழக்கப்படி, “35 போடட்டா சார்?” என்றான். பதில் சொல்லாமல் பெட்ரோல் மூடியைத் திறந்து, அதன் உள்பக்கம் ஒட்டியிருந்த அழுத்தப் பட்டியலைக் காட்டினார். எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு காற்று என்று படம் போட்டு இருந்தது. இத்தனை வருஷம் அதை பெட்ரோல் பங்குக்காரர்கள் திறந்து திறந்து மூடியிருக்கிறார்கள், யாரும் படித்ததில்லை.

“ஸ்டெப்னியும் மாத்திடலாமா சார்?”

“அது எதுக்கு? ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர். கம்பெனியில வந்தது.” டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிக் காட்டினார். அச்சிலிருந்து வந்த ரப்பர் மயிர்கூட உதிராமல் இருந்தது. தேதி 3405. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

கடைசியில் அலைன்மென்ட். வண்டியை மேடையில் ஏற்றி, நாலு சக்கரத்திலும் கருவியை மாட்டி, திரையைப் பார்த்த ஆள் தலையைச் சொறிந்தார். கீழே இறங்கிக் கடப்பாரையைக் கொடுத்து லேசாக நெம்பினார்.

“சார், லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கு. ரெண்டு பக்கமும். இதை மாத்தாம அலைன்மென்ட் நிக்காது.”

“இவ்வளவு நாள் ஓடிச்சே?”

“பழசு எப்படித் தேஞ்சா என்ன சார்? இது புது டயரு. உள்பக்கமா தின்னுடும்.”

பென்ஸ் சார் அதிர்ச்சி அடையவில்லை. முகத்தில் ஒரு தெளிச்சல்கூடத் தெரிந்தது. 211 330 என்று தொடங்குகிற பாக எண்ணை மனப்பாடமாகவே வைத்திருந்தார். ஓரமாகப் போய், புதுப்பேட்டையில் சாமான் எடுத்துத் தரும் பாய்க்கு போன் போட்டார்.

“பாய், நம்ம வண்டிக்கு லோயர் ஆர்ம் ரெண்டு வேணும்.”

“கம்பெனி டப்பாவா சார், லெம்ஃபோர்டரா?”

“லெம்ஃபோர்டர். அதேதான, ஸ்டாரைத் தேச்சு எடுத்திருப்பான், அவ்வளவுதான்.”

அதற்குள் வீட்டிலிருந்து இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. பாயைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அதை எடுத்தார்.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுது, முடிஞ்சுது. அலைன்மென்ட்தான் பாக்கி. அதுக்கு மட்டும் கொஞ்சம் கூட ஆகும்போல.”