பந்தியில் வழங்கப்படும் தொழில் ஆலோசனை: ஓர் ஆய்வுக் குறிப்பு

முட்டுச்சந்து வேலையில் மாட்டிக்கொண்ட இளைஞனுக்குத் தமிழ்நாட்டில் ஆலோசனை கிடைக்கும் இடங்கள் பல. அவற்றுள் கல்யாணப் பந்தியே தலையாயது என்பது இவ்வாய்வின் முதல் துணிபு. இலை போட்டபின் எழுந்து ஓட முடியாது. வாயில் வடை இருக்கையில் மறுத்துப் பேசவும் முடியாது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே விசாரணை முடிந்து, பாயசம் வருமுன் தீர்ப்பும் வந்துவிடும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி: பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு செல்போன் ஷோரூமில் விற்பனையாளராக நிற்கும் ஒரு பையன். டார்கெட் முடிந்தால்தான் இன்சென்டிவ். சேர்ந்த நாளிலிருந்து அதே கவுன்ட்டர். மாறியது கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம் மட்டும். பக்கத்து இலையில் பெரிய மாமா. "கையில எவ்வளவுப்பா வருது? பி.எஃப். பிடிக்கிறாங்களா? பர்மனென்ட் பண்ணுவாங்களா?" இந்த வரிசை எந்த ஊர்ப் பந்தியிலும் மாறுவதில்லை. பிறகு அப்பளத்தை நொறுக்கியபடி மாமா சொல்வார்: "பேசாம குரூப் ஃபோர் எழுது."

இக்கோட்பாட்டுக்கு வயது அதிகம். இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் 1929-இல் தனக்கென ஒரு பணியாளர் தேர்வாணையத்தை அமைத்தது. அதற்கு மறுவாரமே ஏதோ ஒரு பந்தியில் ஏதோ ஒரு மாமா இதைத் தொடங்கியிருப்பார் என்று ஊகிக்க இடமுண்டு. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடத்துக்கு 300 பேருக்கு மேல் வருகிறது. மாமா அசரமாட்டார். "அதுல பாதிப் பேரு புத்தகத்தையே தொடமாட்டான்" என்பார். பாதியைத் தள்ளினாலும் 150 பேர் மிச்சம் நிற்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

துபாய்க்குப் போ, காடைப் பண்ணை வை என்னும் மற்ற ஆலோசனைப் பள்ளிகளை இங்கே விரிக்கவில்லை. கோர்ஸ் பள்ளி மட்டும் கவனத்துக்குரியது: ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர், பிறகு டேலி, ஜாவா, இப்போது ஏ.ஐ. இவற்றில் எல்லோரும் சிரிக்கும் டைப்ரைட்டிங்தான் இன்னமும் குரூப் 4 தட்டச்சர் பணிக்கு வேண்டிய தகுதி. அதைப் படிக்கச் சொன்ன சித்தப்பாவை நாம் கொஞ்சம் அவசரப்பட்டே கேலி செய்துவிட்டோம்.

அடுத்த துணிபு: உறவு நெருங்க நெருங்க ஆலோசனை பெருகும், துப்பு குறையும். இதற்கு வெளிநாட்டுச் சான்றே இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில் ஆள் தெரிந்து வேலை பெற்றவர்களை விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் சொன்னவரை அப்போது அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8. நெருங்கினவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். வேறு வட்டத்தில் புழங்குகிறவனிடம்தான் புதுச் செய்தி இருக்கும் என்பது அவர் விளக்கம்.

உள்ளூர்ச் சான்றும் உண்டு. சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் ஒரு குமாஸ்தா. 1913 ஜனவரியில் அந்தச் சம்பளத்தையும் எழுதி, முன்பின் பார்த்திராத கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார் அந்தக் குமாஸ்தா, கணித மேதை ராமானுஜன். அதற்கு முன் கைகொடுத்தவர்களைப் பாருங்கள்: நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், அலுவலக மேலாளர் நாராயண ஐயர், துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ஒருவர்கூட மாமா முறை இல்லை. இருந்திருந்தால், "போர்ட் டிரஸ்ட் உத்தியோகத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, கணக்கெல்லாம் ராத்திரி வச்சுக்கோ" என்றிருப்பார்.

நம் மாதிரிப் பையனுக்கும் உருப்படியான ஒரு வரி கிடைத்தது பந்தியில் அல்ல, கை கழுவுமிடத்தில். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ ஒருவர், கர்ச்சீப்பில் வாயைத் துடைத்துக்கொண்டே, "மெக்கானிக்கலா தம்பி? ஒரகடத்துல எங்க பிளான்ட்ல குவாலிட்டிக்கு ஆள் எடுக்கிறாங்க. ரெஸ்யூமை வாட்ஸப்ல போடுங்க" என்றார். மாமாவுக்கு அவர் யாரென்றே தெரியாது. அவருக்குப் பையனின் பெயரும் தெரியாது.

ஆய்வின் குறைபாடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மேற்கண்ட கோட்பாடுகள் யாவும் பையன்களை வைத்தே எழுந்தவை. அதே வரிசையில் நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்த நம் மாதிரிப் பையனின் தங்கை ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளைப் போன்றவர்கள் வேலை நேரத்தில் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. கேரளம் 2018-இலேயே செய்துவிட்டது. கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்களா, மேற்கொண்டு என்ன படிக்கப்போகிறாள் என்று எந்த மாமாவும் விசாரிக்கவில்லை. அத்தைமார்கள் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டதெல்லாம், ஆடித் தள்ளுபடியில் பட்டுக்கு எவ்வளவு குறைப்பார்கள் என்பதுதான்.