வெடிச் சத்தம் எழுதப் பழகுவது எப்படி?

தீபாவளி மலருக்குக் கதையோ கட்டுரையோ எழுத உட்காருகிறவர்களுக்கான கையேடு இது. தீப்பெட்டி தேவையில்லை, பேனா போதும். எது வெடித்தாலும் ‘டமால்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவும் வழக்கத்தை முதலில் விடுங்கள். சென்னையில் அது செல்லுபடியாகும். விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினால், ஆமத்தூர் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டுவிடுவார்: ‘டமால்னா எந்த ரகம், அண்ணாச்சி?’

நியாயமான கேள்வி. பிஜிலி வெடி ‘பட்’ என்று முடிந்துவிடும். குருவி வெடிக்கு ‘டப்’. லட்சுமி வெடி ‘படார்’. அணுகுண்டுக்கு வேண்டுமானால் உங்கள் ‘டமால்’ பொருந்தும். அதிலும் பின்னால் காதுக்குள் ஒரு ‘ங்ங்’ மிச்சமிருக்கும், அதைப் பெரும்பாலோர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். சங்கு சக்கரம் ‘விர்ர்’. ராக்கெட் ‘உய்ங்’ என்று கிளம்பி மேலே போய் ‘பட்’ என்னும். அதை நிறுத்திய பாட்டில் சாய்ந்துவிட்டால் ‘உய்ங்’குக்குப் பிறகு வருவது எதிர்வீட்டுக்காரரின் குரல். அதற்குத் தனி அகராதி உண்டு, இங்கே இடமில்லை.

சொல்லைத் தேர்ந்தெடுக்க வெடியின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் மருந்தில் மட்டும் இல்லை, கட்டில் இருக்கிறது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் சேர்ந்த மருந்து இறுக்கமான காகிதக் குழாய்க்குள் எரியும்போது, பிறக்கிற வாயு வெளியேற வழியில்லாமல் முட்டுகிறது; காகிதம் கிழியும் நொடியில் ‘படார்’. அணுகுண்டைச் சணலால் வரிந்து வரிந்து சுற்றுவதும் இந்த முட்டலைக் கூட்டத்தான். கட்டு தளர்ந்திருந்தால் வாயு கசிந்துவிடும்: ‘புஸ்ஸ்’. நம் வாயும் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘ப்’ சொல்ல உதட்டை மூடி, உள்ளே காற்றை முட்டவிட்டு, பிறகு திறக்கிறோம். ‘ட்’டுக்கு அதையே நாக்கு செய்கிறது. ‘ஸ்’ என்பது கசிவு. ஆக, நன்றாகக் கட்டிய வெடிக்கு வல்லினம், கட்டு விட்ட வெடிக்கு ‘ஸ்’, எரிந்துகொண்டு போகும் திரிக்கு ‘ர்’. இதை மனப்பாடம் செய்தால் பாதிக் கையேடு முடிந்தது.

இனி லைசென்ஸ் விவகாரம். பெரிய பட்டாசு ஆலை நடத்த நாக்பூர் லைசென்ஸ் வேண்டும். வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமை அலுவலகம் அங்கேதான். வெடிச் சத்தம் எழுதுகிறவர் நன்னூலிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். பவணந்தி முனிவர் சொல்லின் முதலில் வரலாம் என்று அனுமதித்த எழுத்துகளில் ‘ட’ இல்லை. சொல்லின் கடைசியில் வல்லின மெய்யும் நிற்கக் கூடாது. இந்தக் கணக்குப்படி டமால், டமார், டப், டொம் அத்தனையும் சட்டவிரோதத் தயாரிப்பு. ‘பட்’கூட வாலில் மாட்டிக்கொள்கிறது. பிழைப்பவை ‘படார்’, ‘படீர்’ போன்ற சில. கண்டிப்பான தமிழாசிரியர் படிக்கப்போகும் கதையில் லட்சுமி வெடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியரிடம் ஒரு வழி இருக்கிறது. ‘என’ என்ற இடைச்சொல்லுக்கு அவர் தரும் ஆறு பொருள்களில் இசையும் ஒன்று. அதாவது, ‘என’வைச் சேர்த்தால் எந்த ஒலியையும் வாக்கியத்துக்குள் கொண்டுவரலாம். வெடிக்குத் திரி எப்படியோ அப்படித்தான் ஒலிக்குறிப்புக்கு ‘என்று’. அது இல்லாத ‘டமார்’ வாக்கியத்தில் பற்றாது.

சரவெடியை எழுதத்தான் இரட்டைக்கிளவி பிறந்தது என்பது என் தனிப்பட்ட நம்பிக்கை. படபட, சடசட, தடதட. இவற்றைப் பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியர் காலத்துச் சட்டம். பட்டாசுச் சட்டம் வேறு திசையில் போகிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்றால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-இல் விதி வந்தது. சரமாகக் கோத்த வெடிகளுக்கு மடக்கைக் கணக்கு வேறு: ஆயிரம் வாலா என்றால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு வெடியும் 15 டெசிபல் அடக்கிப் பேச வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியையே தடை செய்துவிட்டது. இரட்டையைப் பிரிக்காதே என்றது இலக்கணம். ஒற்றையைச் சேர்க்காதே என்றது நீதிமன்றம். ஆகவே நிகழ்காலக் கதையில் ‘படபட’வென்று எதுவும் வெடிக்க வேண்டாம். பாட்டியின் நினைவில் வெடிக்கட்டும். கடந்த காலத்துக்குத் தடை கிடையாது.

ஒரு சத்தத்துக்கு மட்டும் இந்தக் கையேட்டில் சொல் கிடையாது. வேலை நாளில், பகலில், தூரத்திலிருந்து வருவது. சிவகாசிப் பக்கத்தில் அதற்கு யாரும் ஒலிக்குறிப்பு தேடுவதில்லை. வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள், ‘எந்த ஊர்ல?’ என்று போன் போடுவார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய நாற்பது பேர் போனார்கள். அங்கே ‘டமார்’ போடாதீர்கள். ‘சத்தம் கேட்டது’ என்று எழுதுங்கள்.

ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர்களுக்கு: பேங், பூம், பாப், க்ராக், ஃபிஸ் என்று அவர்களிடமும் சரக்கு உண்டு, க்ராக்கர் என்ற பெயரே க்ராக்கிலிருந்து வந்ததுதான். ஆனால் அகராதியில் பேங்குக்கு நேரே ‘உரத்த ஒலி’ என்று கண்டால் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். 1949-இல் பிபிசி வானொலியில் ஃப்ரெட் ஹாய்ல் ‘பிக் பேங்’ என்றார், தாம் ஏற்காத கொள்கைக்குத் தாமே பெயர் வைத்தார். நாம் அதைப் ‘பெருவெடிப்பு’ ஆக்கினோம். பொருள் வந்தது, ஓசை போயிற்று. சிவகாசியில் கேட்டிருந்தால் ‘பெரிய டமார்’ என்று சொல்லியிருப்பார்கள். பாடநூல் குழு ஏற்றிருக்காது.

‘புஸ்வாணமாகிப் போச்சு’ என்று தோல்விக்கு எழுதுகிறோமே, அதையும் விட்டுவிடலாம். ‘புஸ்’ என்று சீறிப் பூவாகக் கொட்டுவதுதான் புஸ்வாணத்தின் வேலை. அணுகுண்டு ‘புஸ்’ என்றால்தான் அவமானம். புஸ்வாணம் ‘டமார்’ என்றால் தள்ளி நிற்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் வரும் காட்சிக்குச் சுருள் கேப்பும் துப்பாக்கியும் போதும். பொட்டு வெடிக்கு ‘டிக்’ என்று எழுதுங்கள். சுருள் சிக்கிக்கொண்டால், சிக்கத்தான் செய்யும், பையன் வாயாலேயே ‘டிஷ்யூம்’ என்பான். 2006-இல் ஜீவா நடித்த ஒரு படத்துக்கே பெயரானது அது. டெசிபல் விதி, தீபாவளியன்று காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்கிற கட்டுப்பாடு, ஒன்றும் அதற்குப் பொருந்தாது. அச்சுக்குப் போகுமுன் மட்டும் கவனம்: தனித்தமிழ்ப் பற்றுள்ள பிழைதிருத்துநர் ‘டிசுயூம்’ என்று மாற்றிவிட்டால் எதிரில் நிற்கிற பையன் செத்து விழ மாட்டான்.