பொறுமைக்கு ஒரு சிலை

கோப்பெங்கில் பஸ் ஏறி ஈப்போ பழைய நகரில் இறங்குங்கள். வழியெல்லாம் ஒரு காலத்தில் ஈயமும் ரப்பரும். இறங்குமிடத்தில் அந்தக் காசில் எழும்பிய வெள்ளை மாளிகைகள்: ரயில் நிலையம், நகர மண்டபம், சற்றுத் தள்ளி பர்ச் மணிக்கூண்டு. அண்ணாந்து பாருங்கள். நமக்குப் பழக்கந்தானே!

பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச், 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்காக 1877-இல் மகாராஜா லேலாவையும் டத்தோ சாகோரையும் தூக்கில் போட்டார்கள். 1909-இல் மணிக்கூண்டு எழும்பியது. அப்போது ரெசிடெண்ட் யார்? பர்ச்சின் மகன். அப்பாவுக்குத் திவசம் கொடுக்க இதைவிட வசதியான உத்தியோகம் உண்டா? பின்னாளில் அக்கம்பக்கத் தெருக்களுக்குத் தூக்கில் தொங்கியவர்களின் பெயரை வைத்தார்கள். செத்தவருக்குக் கூண்டு, கொன்றவருக்குத் தெரு. கணக்கு நேராகிவிட்டது.

கூண்டில் நாகரிகம் வளர்த்தவர்கள் என்று 44 உருவங்கள். புத்தர், மோசே, ஷேக்ஸ்பியர், டார்வின் எல்லாரும் உண்டு. பால்மரம் வெட்டியவன் இல்லை. அவன் வளர்த்தது ரப்பர்தானே! மேலே நான்கு மூலைகளில் நான்கு சிலைகள். பிரிட்டிஷ் ஆட்சியின் நற்குணங்களாம். விசுவாசத்துக்கு வாளும் கேடயமும், நீதிக்கு வாளும் தராசும் கண்கட்டும், மனத்திட்பத்துக்கு ஈட்டி. பொறுமை மட்டும் வெறுங்கை.

பொறுமை எந்தத் துரையின் குணம்? விடியுமுன் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாளே, அவள் குணமல்லவா அது! ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 என்று நாள்கூலி பேசினார்கள். 1930-களில் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் வெட்டி, ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றினார்கள். 1941-இல் கிள்ளானில் வாய் திறந்தவர்களுக்குத் துப்பாக்கி பதில் சொன்னது. உழைப்பை மட்டுமா எடுத்தார்கள்? குணத்தையும் எடுத்துத் தங்கள் கூண்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

துரை போனான். தோட்டங்கள் கைமாறி, வீட்டு மனையும் கோல்ஃப் திடலுமாயின. வேலை போனால் லயத்து வீடும் போகும். மூன்று தலைமுறை மரம் வெட்டிய குடும்பங்களுக்குக் கிடைத்தது வெளியேறச் சொல்லி ஒரு நோட்டீஸ். வீட்டுத் திட்டமோ தேர்தலுக்குத் தேர்தல் பூக்கும், காய்க்காது. மாலை போட்ட கழுத்தோடு நம் தலைவர்கள் மேடையில் சொல்வார்கள்: "கொஞ்சம் பொறுமையாக இருங்கள்." துரையின் பாடத்தை என்ன அழகாக ஒப்பிக்கிறார்கள்!

நாளைக்குத் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு சிலை என்று யாராவது கிளம்பலாம். ரிப்பன் வெட்ட ஆளுக்கா பஞ்சம்? வேண்டாம் ஐயா. சிலை வாடகை கட்ட வேண்டியதில்லை. நாங்கள் கட்ட வேண்டும். நாங்கள் காடு வெட்டிய மண்ணில் ஒரு வீடு, அதன் கிராண்டில் எங்கள் பெயர். அதற்குச் சிற்பி தேவையில்லை, ஒரு கையெழுத்துப் போதும்.